ஏன் வேலைக்கு வரவில்லை?

ஒரு தந்தியைப் பற்றிப் படித்ததிலிருந்து இரண்டு வாரமாக அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 1976-ல் அர்ஜென்டினாவில், புவனோஸ் ஐரிஸுக்கு வடக்கே ஜெனரல் பசேக்கோ என்ற ஊரில் இருக்கும் ஃபோர்டு கார் ஆலையிலிருந்து சில தொழிலாளர்களின் வீட்டுக்குப் போன தந்தி. விஷயம் ரொம்பச் சின்னது. சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருக்கிறீர்கள், உடனே வந்து சேருங்கள், இல்லாவிட்டால் வேலை போய்விடும். அந்த ஆட்களின் மனைவிமார் அப்போது புருஷன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலாளர்களில் பலரை ராணுவம் வந்து தூக்கிப்போனது அதே ஆலைக்குள் இருந்துதான், ஓடிக்கொண்டிருந்த லைனிலிருந்து, கூட வேலை பார்த்தவர்கள் கண் முன்னால்.

நான் பதினொரு வருஷம் டைம் ஆபீஸில் குப்பை கொட்டியவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பெயர் வேண்டாம், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு இடம். வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, ஐடி கார்டு, கேன்டீன் டோக்கன், இதுதான் என் உலகம். அதனால்தான் அந்தத் தந்தி இப்படித் தைக்கிறது. என் கதையை அப்புறம் சொல்கிறேன், முதலில் அர்ஜென்டினா.

1976 மார்ச் 24-ஆம் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிபர் இசபெல் பெரோனை இறக்கிவிட்டு விடேலா, மஸேரா, அகோஸ்தி என்று தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தலைவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். இந்தச் சமயத்தில் நடந்த ஆள்கடத்தல், ரகசியச் சிறை, விமானத்திலிருந்து ஆட்களைக் கடலில் வீசியது, வெள்ளை முக்காடு போட்ட தாய்மார்கள் மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்தது, இதெல்லாம் நம்மில் பலருக்கும் ஓரளவு தெரியும். நானும் இருபது வருஷம் முன்னாடியே படித்தேன். ஆனால் எங்கே படித்தாலும் அது ஏதோ மூளை பிசகிய சில ஜெனரல்களின் கொடூரக் கதையாகவே வரும். பொருளாதாரம் தனி அத்தியாயமாக, பின்னாடி, சலிப்பூட்டும் எண்களோடு இருக்கும். நானும் அதைத் தாண்டிப் போய்விடுவேன். இந்த ஃபோர்டு வழக்கைப் படித்தபோதுதான் இரண்டும் ஒரே அத்தியாயம் என்று உறைத்தது.

வழக்கு இதுதான். ஆட்சி மாறிய நாளிலிருந்து அந்த ஆகஸ்ட் வரைக்குள் அந்த ஆலையின் தொழிலாளர்கள் 24 பேர் பிடிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் சங்கப் பிரதிநிதிகள், அதாவது ஒவ்வொரு பிரிவிலும் சக தொழிலாளிகள் கைகாட்டித் தேர்ந்தெடுத்தவர்கள். ஆட்சி மாறிய கையோடு கம்பெனியில் தொழிலாளர் விவகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் பிரதிநிதிகளைக் கூப்பிட்டு, இனிமேல் உங்களுக்கு அந்த அந்தஸ்து கிடையாது, போய் வேலையைப் பாருங்கள் என்றிருக்கிறார். போகிறபோது, என் நண்பர் காம்ப்ஸைப் பார்த்தால் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று ஒரு சிரிப்பு வேறு. யார் அந்த காம்ப்ஸ் என்று இவர்களுக்குப் புரியவில்லை. கர்னல் ராமோன் காம்ப்ஸ் சீக்கிரமே புவனோஸ் ஐரிஸ் மாகாணப் போலீஸுக்குத் தலைவராக வந்தார். ரகசியச் சிறைகளின் ஒரு சங்கிலியே அவர் கையில் இருந்தது.

ராணுவத்துக்கு ஆளை எப்படித் தெரிந்தது? ஐந்தாயிரத்துக்குக் குறையாமல் ஆட்கள் வேலை செய்யும் ஆலை. எல்லோரும் ஒரே மாதிரி உடை. யார் எந்தப் பிரிவு, யார் எந்த ஷிப்ட் என்று சிப்பாய்க்கு என்ன தெரியும்? கம்பெனிக்காரர்கள் பட்டியல் கொடுத்தார்கள். பெயர், வீட்டு விலாசம், அப்புறம் கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்து வைத்திருந்த போட்டோ. ஆலை வளாகத்திலேயே விளையாட்டு மைதானத்துப் பக்கம் இறைச்சி சுட்டுச் சாப்பிட ஒரு கூரைக்கட்டு இருக்கும், அங்கே வார இறுதியில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். பிடித்தவர்களை அங்கேதான் வைத்தார்கள். கையைக் கம்பியால் கட்டி, அவரவர் சட்டையையே தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடி, மணிக்கணக்கில் அடித்து, அப்புறம் டீக்ரே போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே விசாரிக்கப் போன வீட்டுக்காரர்களிடம் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஆட்களைத் தூக்க வந்த வண்டி எது தெரியுமா? நம்பர் பிளேட் இல்லாத பச்சை ஃபோர்டு ஃபால்கன். அர்ஜென்டினாவில் இன்றைக்கும் வயதானவர்களுக்கு அந்தக் கார் என்றால் அடிவயிறு கலங்கும் என்பார்கள். அந்த ஃபால்கன் தயாரானது இதே பசேக்கோ ஆலையில். தான் போல்ட் முடுக்கிய மாதிரி வண்டியிலேயே தன்னை ஏற்றிக்கொண்டு போவது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

சரி, எதற்கு இவ்வளவும்? ஒரு கார் கம்பெனிக்கு இருபத்து நாலு பேர் அவ்வளவு பெரிய தொல்லையா?

இதற்கு ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும், அதற்கும் முன்னால் இன்னும் கொஞ்சம். அர்ஜென்டினா கோதுமையும் மாட்டிறைச்சியும் விற்று டாலர் சம்பாதிக்கும் நாடு. உள்ளூரில் ஆலை கட்டிக்கொண்டது உண்மைதான், ஆனால் ஆலைக்கு வேண்டிய இயந்திரம், பல உதிரிபாகம், தொழில்நுட்பம் எல்லாம் வெளியே இருந்து, டாலர் கொடுத்து வாங்க வேண்டும். லாபமும் டாலராக மாறி வெளியே போகும். ஆக ஆலை நன்றாக ஓடினால் இறக்குமதி ஏறும், இறக்குமதி ஏறினால் டாலர் தீரும், டாலர் தீர்ந்தால் அந்த நாட்டு நாணயமான பெசோவின் மதிப்பைக் குறைப்பார்கள், மதிப்பு குறைந்தால் விலைவாசி ஏறிச் சம்பளம் கரையும், சம்பளம் கரைந்தால் தொழிலாளி தெருவுக்கு வருவான், தெருவுக்கு வந்தவனை அடக்க ராணுவம் வரும். 1930, 1943, 1955, 1962, 1966, 1976 என்று ஆறு ஆட்சிக் கவிழ்ப்பு. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது சோம்பேறித்தனம். ஆனால் ஐம்பதுகளுக்குப் பிறகு வந்த ஒவ்வொன்றிலும் இந்தச் சக்கரம் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

மையம், விளிம்பு என்று உலகப் பொருளாதாரத்தைப் பிரித்துப் பேசும் வழக்கமே பெரிய அளவில் ஒரு அர்ஜென்டினாக்காரரிடமிருந்துதான் வந்தது. ரவுல் பிரெபிஷ். அந்த நாட்டு மத்திய வங்கியைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர், பிறகு ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையத்துக்குப் போனவர். கச்சாப்பொருள் விற்கும் நாடு, அதே அளவு இயந்திரம் வாங்கக் காலப்போக்கில் மேலும் மேலும் அதிகக் கச்சாப்பொருள் விற்க வேண்டியிருக்கும் என்றார். அவருக்குப் பிறகு வந்த பிரேசில்காரர் ருய் மவுரோ மரினி, 1964-ல் தன் நாட்டில் ராணுவம் வந்ததால் நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் சிலியில் போய் உட்கார்ந்து, அங்கேயும் 1973-ல் ராணுவம் வந்ததால் மறுபடி ஓடியவர், இன்னும் கறாராகச் சொன்னார். விளிம்பு நாட்டு முதலாளி உலகச் சந்தையில் தோற்பதை உள்ளூர்த் தொழிலாளியின் சம்பளத்தில் ஈடுகட்டிக்கொள்கிறான். உடம்பு தாங்காத வேலை, வயிறு நிறையாத கூலி. சரக்கு போய்ச் சேரும் சந்தை வேறெங்கோ இருப்பதால், அந்தத் தொழிலாளியிடம் வாங்கும் சக்தி இருக்கிறதா இல்லையா என்று அவன் கவலைப்பட வேண்டியதும் இல்லை. இரண்டு முறை ராணுவத்திடமிருந்து ஓடிய ஆள் எழுதியது என்று தெரிந்து படித்தால் அந்த வறண்ட பொருளாதார மொழி வேறு மாதிரிக் கேட்கிறது.

1975 ஜூனில் செலெஸ்தினோ ரொத்ரிகோ என்ற நிதி அமைச்சர் ஒரே அடியாகப் பெசோவின் மதிப்பை வெட்டி, பெட்ரோல் விலையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினார். தொழிலாளர்கள் நாட்டையே நிறுத்திவிட்டார்கள். அமைச்சர் சில வாரத்தில் வீட்டுக்குப் போனார். இதில் முதலாளிகள் பயந்த விஷயம் ஒன்று உண்டு. போராட்டத்தை முன்னால் இழுத்துப் போனது மேலே ஏசி அறையில் இருந்த சங்கத் தலைவர்கள் இல்லை, லைனில் நின்றுகொண்டிருந்த பிரதிநிதிகள். மேல்தலைமையைப் பேசிச் சரிக்கட்டலாம். லைனில் நிற்கிறவனை என்ன செய்வது? அவன் லைன் வேகத்தைப் பற்றிப் பேசுவான், கேன்டீன் சோற்றைப் பற்றிப் பேசுவான், பக்கத்தில் நிற்பவன் விரல் போனதைப் பற்றிப் பேசுவான். டைம் ஆபீஸில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நிர்வாகத்துக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இவன் மேல்தான்.

ராணுவம் பொருளாதாரத்தை ஒப்படைத்தது ஹோசே ஆல்ஃப்ரெதோ மார்ட்டினெஸ் டி ஓஸ் கையில். பரம்பரை நிலப்பிரபு, அதோடு அசிந்தார் என்ற பெரிய எஃகுக் கம்பெனியின் தலைவர். இதிலும் ஒரு முன்கதை இருக்கிறது. ஆட்சி கவிழ்வதற்கு ஒரு வருஷம் முன்னால், 1975 மார்ச்சில், வில்யா கொன்ஸ்திதுசியோன் என்ற ஊரில் அந்த எஃகு ஆலையின் சங்கத்தை நொறுக்கப் பெரும்படை இறங்கியது, ஆலைக்குள்ளேயே ஆட்களை அடைத்து வைத்தார்கள். அதாவது ஒத்திகை முடிந்துதான் நாடகம் மேடையேறியது. அமைச்சரான பிறகு 1976 ஏப்ரல் 2-ஆம் தேதி தன் திட்டத்தை அறிவித்தார். விலைக்கட்டுப்பாடு போனது, சம்பளம் உறைந்தது. வேலைநிறுத்த உரிமை முதல் நாளே போய்விட்டது. பின்னால் வந்த சட்டப்படி தூண்டிவிட்டவனுக்கு 10 வருஷம் வரை சிறை. அந்த வருஷம் விலைவாசி 400 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சம்பளத்தின் உண்மை மதிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்தது.

இதை ஓட்டுப் போட்டுச் செய்ய முடியுமா? பேச்சுவார்த்தை நடத்திச் செய்ய முடியுமா? அதற்குத்தான் பட்டியல். பின்னால் ஜனநாயக அரசு அமைத்த விசாரணை ஆணையம் 8,961 பேர் காணாமல் போனதைப் பதிவு செய்தது, மனித உரிமை அமைப்புகள் சொல்வது 30,000. ஆணையத்தின் கணக்கில் 30.2 சதவீதம் பேர் ஆலைத் தொழிலாளிகள், இன்னும் 17.9 சதவீதம் அலுவலக ஊழியர்கள். அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்கள் இருந்தது உண்மை, அவர்கள் கொலைகள் செய்ததும் உண்மை. ஆனால் இந்தச் சதவீதத்தை அதை வைத்து விளக்க முடியாது. வடக்கே ஹுஹுய் மாகாணத்தில் லெடெஸ்மா சர்க்கரை ஆலை இருக்கும் ஊரில் 1976 ஜூலையில் இரவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பெனி வண்டிகளில் ஏறி வந்து, சுமார் 400 பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரில் பிறந்த பிள்ளைகள் அந்த இரவை "இருட்டடிப்பு இரவு" என்றே சொல்லி வளர்ந்தார்கள். ஆலை முதலாளி 2023-ல் விசாரணைக் கூண்டில் ஏறாமலேயே செத்துப்போனார்.

இதை நடக்கும்போதே கண்டுபிடித்துச் சொன்னவர் ரொடால்ஃபோ வால்ஷ். பத்திரிகையாளர், அவர் மகளும் ராணுவத்தோடு நடந்த மோதலில் இறந்திருந்தாள். ஆட்சியின் முதல் ஆண்டு நிறைவுக்கு, 1977 மார்ச் 24 தேதியிட்டு, ராணுவ ஆட்சிக் குழுவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கொலைகளையும் சித்திரவதையையும் எண்ணிக்கையோடு அடுக்கிவிட்டு, இந்தக் குற்றங்களுக்கு விளக்கம் வேண்டுமென்றால் அரசின் பொருளாதாரக் கொள்கையில் தேடுங்கள், லட்சக்கணக்கானவர்களைத் திட்டம் போட்டு வறுமையில் தள்ளுவது இதைவிடப் பெரிய கொடுமை என்ற பொருளில் முடிவுக்கு வருகிறார். பிரதிகளைத் தபாலில் சேர்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தெருவில் சுட்டார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

வெளியே இருந்தவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1976 ஜூனில் சிலியின் சாண்டியாகோவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் அர்ஜென்டினா வெளியுறவு அமைச்சரைச் சந்தித்து, செய்ய வேண்டியதைச் சீக்கிரம் செய்து முடியுங்கள் என்று சொன்னது பின்னால் வெளியான அமெரிக்க ஆவணத்தில் அப்படியே இருக்கிறது. சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். அந்த வருஷமே கடன் கொடுத்தது. ஆனால் வாஷிங்டன்தான் எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்குப் பிடிக்கவில்லை. அது உள்ளூர்க்காரனுக்குக் கொடுக்கும் இலவச விடுதலை. பண்ணையார் வீட்டு அமைச்சர் உள்ளூர், சர்க்கரை முதலாளி உள்ளூர், போட்டோவை ஃபைலிலிருந்து உருவி எடுத்த குமாஸ்தாவும் உள்ளூர்.

அப்புறம் கடன். இதை நான் இரண்டு மூன்று முறை படித்த பிறகுதான் பிடிபட்டது. 1978 டிசம்பரில், வரும் மாதங்களில் பெசோ எவ்வளவு எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உள்ளூர் வட்டி அதைவிட எக்கச்சக்கம். ஆகவே கெட்டிக்காரன் என்ன செய்வான்? வெளியே டாலர் கடன் வாங்கி, பெசோவாக்கி, உள்ளூர் வங்கியில் போட்டு, வட்டியோடு எடுத்து, மறுபடி டாலராக்கி, வெளியே கொண்டுபோய்விடுவான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் "சைக்கிள்". மிதித்துக்கொண்டே இருந்தால் காசு. வசதியுள்ளவர்கள் மயாமிக்குப் போய், மலிவாக இருக்கிறதே என்று எதைக் கேட்டாலும் "ரெண்டு கொடு" என்றார்களாம். உள்ளூர் ஆலைகள் வரிசையாக மூடின. சரி, இந்த சைக்கிள்காரர்கள் வெளியே எடுத்துப் போக அந்த டாலர் எங்கிருந்து வந்தது? அரசு வாங்கிப் போட்டது. அரசு எண்ணெய்க் கம்பெனியான ஒய்.பி.எஃப்.-இன் கடன் சுமார் 37 கோடி டாலரிலிருந்து சுமார் 600 கோடிக்குப் போனது. அந்த டாலர் கம்பெனிக்குக்கூட வரவில்லை, பெசோ விலையைத் தாங்கிப் பிடிக்க மத்திய வங்கியே வைத்துக்கொண்டது. 1982-ல் இன்னொரு வேலை செய்தார்கள், தனியார் கம்பெனிகளின் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. ராணுவம் வந்தபோது சுமார் 800 கோடி டாலராக இருந்த நாட்டின் கடன், போனபோது சுமார் 4,500 கோடி.

சம்பளம் கேட்டவனைக் கட்டி வைத்து அடித்துவிட்டு, அவன் பேரிலேயே கடனும் வாங்கி, அவன் பேரப்பிள்ளை வரைக்கும் வட்டி கட்ட வைத்தது என்றால் நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர்கள் பாவம் என்று தோன்றுகிறது. அலெஹாந்த்ரோ ஓல்மோஸ் என்ற ஒரு தனிமனிதர் இந்தக் கடன் செல்லாது என்று 1982-லேயே வழக்குப் போட்டார். 2000 ஜூலையில் நீதிபதி பயெஸ்தெரோஸ் தீர்ப்புச் சொன்னார், கடன் வாங்கிய விதத்தில் நூற்றுக்கணக்கான முறைகேடுகள் என்று. கோப்பு நாடாளுமன்றத்துக்குப் போனது, போனதோடு சரி. ஓல்மோஸ் அந்தத் தீர்ப்புக்குச் சில மாதம் முன்னாலேயே இறந்துவிட்டார். 2018-ல் ஐ.எம்.எஃப். அந்த நாட்டுக்கு 5,700 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது, அதன் வரலாற்றிலேயே பெரியது. 2025-ல் மேலும் 2,000 கோடி.

அதே 2018 டிசம்பரில்தான் ஃபோர்டு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. 42 வருஷம் கழித்து. உற்பத்தி மேலாளராக இருந்த பெத்ரோ முல்லருக்கு 10 வருஷம், ஆலைப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த எக்தோர் சிபில்யாவுக்கு 12 வருஷம், அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஜெனரல் ரிவேரோஸுக்கு 15. இரண்டு கம்பெனி ஆட்களும் அப்போது எண்பது, தொண்ணூறு வயதுக் கிழவர்கள். காம்ப்ஸைக் கேட்டதாகச் சொல்லச் சொன்ன மேலாளர் தீர்ப்புக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோவை எடுத்துக் கொடுத்த குமாஸ்தா யார் என்று நான் படித்த எதிலும் இல்லை.

இப்போது என் கதை. அர்ஜென்டினாவோடு ஒப்பிட அதற்கு அருகதை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சாகவில்லை, காணாமல் போகவில்லை. நான் இருந்த கம்பெனியில் ஒரு வருஷம் போனஸ் தகராறில் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது. நாலாவது நாள் மதியம் மேலே இருந்து போன், சங்கத்தில் முன்னால் நிற்கிற ஒன்பது பேரின் விலாசம் வேண்டும் என்று. நான் கம்ப்யூட்டரில் தட்டினேன், போட்டோவோடு பிரிண்ட் வந்தது, ஐடி கார்டு போட்டோ, நீலப் பின்னணியில் எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்பது. மஃப்டியில் வந்த ஒருவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடிக்க மோர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, கொடுத்தேன். அன்று ராத்திரி ஒன்பது பேரையும் வீட்டில் போய்ப் பிடித்து ரிமாண்ட் செய்தார்கள்.

ஆறாவது நாள் அந்த ஒன்பது பேருக்கும் கடிதம் அடித்தது நான். எங்கள் பேச்சு வழக்கில் அதற்கு அப்ஸ்காண்டிங் லெட்டர் என்று பெயர். "தாங்கள் முன்னனுமதி இன்றித் தொடர்ந்து பணிக்கு வராமல் இருப்பது..." என்று ஆரம்பிக்கும், ரெடியாக ஒரு மாதிரி வைத்திருப்போம், பெயரையும் டோக்கன் நம்பரையும் மாற்றினால் போதும். அவர்கள் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியும். பதிவுத் தபாலில் போனது. பத்து நாள் கழித்து ஒப்புகை அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு இருந்தது, பக்கத்தில் போஸ்ட்மேன் எழுதியிருந்தார், "தாயார்" என்று. அதைப் பஞ்ச் பண்ணி ஃபைலில் போட்டேன்.